தெரு கொடுத்த உரிமம்

பாளையங்கோட்டையில் எங்கள் தாயார் பெயரில் இருந்த பழைய வீட்டை 2023-ஆம் ஆண்டில் விற்றோம். உடன்பிறந்தோர் நாங்கள் மூவர். மூவரும் மூன்று ஊர்களில் வேலை பார்க்கிறோம். அந்த விற்பனையில் அயலார் மூவர் எங்களோடு நின்றனர். வாங்குபவரைக் கொண்டுவந்து சேர்த்தவர் தரகர். வாங்குபவருக்குக் கடன் கொடுத்த வங்கியின் சார்பில் வந்து வீட்டுக்கு மதிப்புப் போட்டவர் மதிப்பீட்டாளர். கிரயப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் பத்திர எழுத்தர்.

இம்மூவருள் பத்திர எழுத்தருக்கு அரசு உரிமம் உண்டு. தமிழ்நாட்டில் ஆவண எழுத்தர்களுக்கென்று 1982-ஆம் ஆண்டிலேயே உரிம விதிகள் வந்துவிட்டன. மதிப்பீட்டாளரின் முத்திரையில் அவருடைய பதிவெண் இருந்தது. தரகரிடம் மட்டும் அரசு கொடுத்த தாள் எதுவும் இல்லை. இருக்க வேண்டும் என்று சட்டமும் கேட்கவில்லை. மூவருள் மிகுதியாகப் பணம் பெற்றவர் அவர். எங்கள் முடிவை மிகுதியாக அசைத்தவரும் அவர். முடிந்த விலைக்குச் சொல் கொடுக்கிறவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும், விலையை முடித்து வைக்கிறவர் பெறவேண்டியதில்லை என்னும் இந்த ஏற்பாடு எங்களை வெகுநாள் யோசிக்க வைத்தது. தமிழ் கற்பிக்கிறவர்கள் சட்டம் பேசலாமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். வீடு வாங்குகிறவரும் விற்கிறவரும் பேசாத சட்டத்தை வேறு யார் பேசுவது?

தரகரை நாங்கள் அண்ணாச்சி என்றே அழைத்தோம். எழுபதை நெருங்கிய வயது. வெள்ளை வேட்டி, கைவைத்த பனியன்மேல் அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டாக மடித்த நாற்பது பக்க நோட்டு. அந்த நோட்டில் தெருவாரியாக வீடுகள் குறிக்கப்பட்டிருந்தன. எந்த வீட்டின் மூலப்பத்திரம் வங்கியில் கிடக்கிறது, எந்த வீட்டில் அக்காளும் தம்பியும் வழக்காடுகிறார்கள், எந்தக் கிணற்றில் சித்திரையிலும் நீர் வற்றாது என்பவை நோட்டில் இல்லை. அவை அவர் தலைக்குள் இருந்தன. தரகுத் தொழிலுக்கு ஏதேனும் பதிவு வைத்திருக்கிறாரா என்று ஒருநாள் கேட்டோம்.

"பதிவா? முப்பத்தஞ்சு வருசமா இந்தத் தெருவுல நடக்கேன், வாத்தியாரையா. ஒருத்தர ஏமாத்துனா மறுநாள் எனக்கு டீக்கடையில டீ கிடைக்காது. அதுக்கு மேல என்ன பதிவு வேணும்?"

இந்த விடையை நாங்கள் சிரித்துத் தள்ளவில்லை. அதில் ஓர் உரிம முறையின் எல்லா உறுப்புகளும் இருக்கின்றன. அவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். எங்கே இருப்பார் என்பதும் தெரியும். தவறு செய்தால் பறித்துக்கொள்ளத்தக்க ஒன்று அவரிடம் இருக்கிறது. தெருவே அதைக் கொடுத்தது. வேண்டும்போது தெருவே திரும்ப வாங்கிக்கொள்ளும்.

அந்த உரிமத்துக்கு அவர் உண்மையாகவே நடந்தார். வீட்டின் கீழ்ச்சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொதுவானது. பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தில் அது ஒரு சொல்லாக மட்டுமே இருந்தது. படிக்கிறவர் கண்ணில் எளிதாகப் படாது. வாங்க வந்த இளம் தம்பதியிடம் அண்ணாச்சி முதல் நாளே அந்தச் சுவரில் கைவைத்து, "இது பொதுச்சுவரு. மாடி எடுக்கணும்னா அந்தப் பக்கத்துக்காரங்க கையெழுத்து வேணும்" என்று சொல்லிவிட்டார். பேச்சு விலையில் அது எங்களுக்கு ஓரளவு குறைவை உண்டாக்கியது. எங்கள் மூத்தவருக்குக் கோபம். "நம்மகிட்ட கமிஷன் வாங்கிட்டு அவங்க பக்கம் பேசுறாரே" என்றார். பதிவு முடிந்த அன்று அண்ணாச்சி எங்களிடம் நூற்றுக்கு ஒன்று வாங்கினார். அவர்களிடமும் நூற்றுக்கு ஒன்று வாங்கினார். எங்கள் பக்கத்தில் அதுவே வழக்கம். மூத்தவர் வழிநெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார்: "இவர் கடைசியில யாருக்கு வேலை பார்த்தாரு?" கேள்வி கோபத்தில் பிறந்ததாயினும் சரியான கேள்வி.

மதிப்பீட்டாளர் வந்தது வேறொரு நாள். இளைஞர், பொறியியல் படித்தவர், பணிவுள்ளவர். லேசர் அளவுகோலால் ஒவ்வோர் அறையையும் அளந்தார். நாட்டு ஓட்டுக் கூரையைப் படம் எடுத்தார். இருபது நிமிடத்தில் புறப்பட்டார். சில நாள் கழித்து அறிக்கையின் சாரம் வாங்குபவர் வழியாக எங்களுக்குத் தெரிந்தது. நிலத்துக்கு ஒரு தொகை இருந்தது. கட்டடத்தின் எஞ்சிய ஆயுள் ஏறக்குறைய முடிந்துவிட்டதென்று கொள்ளப்பட்டதால், தேக்கு உத்தரமும் ஓடும் கழித்துப் போட்டால் கிடைக்கும் பொருளுக்கான சிறு தொகையே கட்டடத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. பேசி முடித்த விலைக்கும் அந்த அறிக்கைக்கும் நல்ல இடைவெளி. வங்கி தன் கடனைக் குறைத்தது. விற்பனை ஒரு மாதம் தள்ளிப்போயிற்று.

அம்மா தொலைபேசியில் கேட்டார்: "அந்தப் பிள்ள வீட்டுக்கு எவ்வளவுன்னு எழுதியிருக்கு?" நிலத்தின் தொகையை மட்டும் சொன்னோம். "நிலத்தக் கேக்கல, வீட்டுக்கு" என்றார். எங்களிடம் விடை இல்லை. அந்த இளைஞர் பிழை எதுவும் செய்யவில்லை. கட்டுமானத்தின் வகை, வயது, ஆண்டுத் தேய்மானம் என்று அவருடைய துறை வகுத்த வழியில்தான் கணக்கிட்டார். அம்மா நாற்பத்தாறு ஆண்டு மெழுகிய தரைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை, இருக்கவும் கூடாது. கடன் திரும்பாமற் போனால் வங்கிக்கு என்ன மிஞ்சும் என்பதே அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி. அவர் யாருக்கு வேலை பார்த்தார் என்பதில் ஐயம் எழவில்லை. அறிக்கையின் முதல் வரியிலேயே வங்கியின் பெயர் இருந்தது.

மூன்றாவதாக ஒரு மதிப்பும் உண்டு. அது அரசின் வழிகாட்டி மதிப்பு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அதன்மேல் கணக்கிடப்படுகின்றன. அதைவிடக் குறைத்து எழுதினால் இந்திய முத்திரைச் சட்டத்தின் 47-அ பிரிவின்படி ஆவணம் விசாரணைக்குப் போகும். தமிழ்நாட்டில் 2017 ஜூன் மாதம் இந்த வழிகாட்டி மதிப்பு ஒரே ஆணையில் 33 விழுக்காடு குறைக்கப்பட்டது. பதிவுக் கட்டணம் 1 விழுக்காட்டிலிருந்து 4 ஆக உயர்ந்தது. 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்கு ஏற்றப்பட்டு, கட்டணம் 2 விழுக்காடாக இறங்கியது. 2024 ஜூலையில் மறுபடியும் திருத்தம். எங்கள் தெருவின் மண் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் மதிப்பு ஓரிரவில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. ஆறாண்டு கழித்து மற்றோர் இரவில் ஏறிக்கொண்டது.

ஒரே வீட்டுக்கு இவ்வாறு மூன்று தொகைகள். மூன்றும் பொய்யல்ல, மூன்றும் வெவ்வேறு ஆட்களின் தேவைக்குப் பிறந்தவை. ஆகவே ஒரு தொகையைக் கேட்கும்போது, அதைச் சொல்கிறவர் யாருக்காகச் சொல்கிறார், தவறாகச் சொன்னால் அவர் எதை இழப்பார் என்ற இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. உரிமம் பற்றிய சட்டங்கள் அனைத்தும் இவ்விரு கேள்விகளுக்கு விடை தேடும் முயற்சிகளே என்பது எங்கள் துணிபு.

நம் நாட்டுச் சட்டம் என்ன விடை வைத்திருக்கிறது? ரெரா என்று சுருக்கி வழங்கப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு, 2017 மே முதல் நாளில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டு விதிகள் அதே ஆண்டு ஜூனில் வெளியாயின. தரகர்களைப் பற்றி அச்சட்டம் பேசுகிறது. 9-ஆம் பிரிவின்படி தரகர் பதிவு செய்துகொள்ள வேண்டும். தம் பதிவெண்ணை ஒவ்வொரு விற்பனையிலும் குறிக்க வேண்டும். மோசடி செய்தால் பதிவு நீக்கப்படும். 10-ஆம் பிரிவு கணக்கேடு வைக்கச் சொல்கிறது. வாங்குபவருக்கு உரிய ஆவணங்களும் தகவல்களும் கிடைக்கச் செய்யச் சொல்கிறது. பொய் வாக்குறுதியைத் தடுக்கிறது. மீறினால் 62-ஆம் பிரிவின்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தண்டம். அது அந்த மனை அல்லது குடியிருப்பின் விலையில் 5 விழுக்காடு வரை போகலாம்.

படிக்கும்போது நிறைவாகவே இருக்கிறது. ஆயின் 9-ஆம் பிரிவின் சொற்களை உரையாசிரியர்கள் சூத்திரத்தைப் படிப்பதுபோல் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தால் எல்லை விளங்கும். பதிவு பெற்ற மனைத்திட்டத்தில், அத்திட்டத்தை உருவாக்கியவர் விற்கும் மனைக்கோ குடியிருப்புக்கோ தரகு பார்ப்பவருக்குத்தான் அந்தப் பிரிவு. நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேற்படாத திட்டமும், எட்டு வீட்டுக்கு மேற்படாத திட்டமும் பதிவுக்கே வரவேண்டியதில்லை. ஒருவர் குடியிருந்த வீட்டை மற்றொருவருக்கு விற்பதற்கும் இச்சட்டத்துக்கும் தொடர்பில்லை. அண்ணாச்சி அரசின் கண்ணில் படாமற்போனதற்குக் காரணம் இதுவே. அவர் சட்டத்தை மீறவில்லை. சட்டம் அவர் தெருவுக்குள் வரவில்லை.

அண்ணாச்சியைப் போன்றவரிடத்தில் இதனால் கேடு விளையவில்லை. கேடு எங்கே விளைகிறது என்பதை எங்கள் கல்லூரி அலுவலக உதவியாளர் ஒருவர் வாழ்வில் பார்த்தோம். மகள் திருமணத்துக்கு முன் சொந்தமாக மூன்று சென்ட் வாங்கிவிட வேண்டும் என்று பத்தாண்டு சீட்டுக் கட்டிச் சேர்த்தவர் அவர். நகரின் ஓரத்தில், முன்பே பலர் கைமாறிய மனை. தரகர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கைப்பேசியில் பட்டாவைக் காட்டினார். வில்லங்கச் சான்றின் நகல் ஒன்றைத் தந்தார். "நாளைக்கு விட்டா போயிரும்" என்றார். முன்பணம் கைமாறியது. மனைக்குரியவர் அதே மாதத்தில் வேறொருவரிடமும் முன்பணம் வாங்கியிருந்தார் என்பது பின்னர் தெரிந்தது. தரகரின் எண் அணைக்கப்பட்டிருந்தது. அவர் எந்தத் தெருவினர் என்பது யாருக்கும் தெரியவில்லை. சுவரொட்டியில் இருந்தது ஒரு கைப்பேசி எண்ணும் ஒரு சாமி பெயரும்.

அவருக்குத் துணையாக நாங்கள் சில அலுவலகங்களுக்கு நடந்தோம். மனை பதிவுபெற்ற திட்டத்தில் இல்லை. விற்பவர் திட்டம் அமைத்தவரும் இல்லை. எனவே மனை விற்பனை ஒழுங்குமுறை அமைப்பின் கதவு அவருக்கு மூடியே இருந்தது. காவல் நிலையத்தில் இது உரிமையியல் விவகாரம் என்றார்கள். வழக்கறிஞர் முன்வைத்த வழி நீண்டது, செலவும் மிக்கது. மகளின் திருமணம் வாடகை வீட்டில் நடந்தது. பணம் இன்றும் வரவில்லை. "அந்த ஆளு மேல புகார் குடுக்க ஒரு ஆபீஸ்கூட இல்லையா, ஐயா?" என்று அவர் கேட்டதற்கு ஒரே சொல்லில் விடை சொல்லும் நிலையில் எங்கள் சட்டம் இல்லை.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் குடியேறிய எங்கள் பழைய மாணவி ஒருவர், முதுகலைத் தமிழ் முடித்தவர், டல்லாஸ் நகரில் இப்போது வீட்டுத் தரகு பார்க்கிறார். அவரிடம் இதைப் பற்றிப் பேசினோம். அங்கே இத்தொழிலில் இறங்குவதற்கு முன் அவர் 180 மணி நேரம் பாடம் கேட்க வேண்டியிருந்தது: முகவர் சட்டம், ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தப் படிவங்கள், வீட்டுக்கடன் முதலியவை. பின் தேர்வு, கைரேகைப் பதிவு, பின்புலச் சோதனை. உரிமம் கிடைத்தபின்னும் தனியே தொழில் செய்ய இயலாது. மூத்த உரிமம் பெற்ற தரகர் ஒருவரின் பொறுப்பில்தான் தொழில் செய்ய வேண்டும். இவர் செய்யும் தவற்றுக்கு அவரும் விடை சொல்ல வேண்டும்.

மாணவி சொன்னவற்றுள் இரண்டு செய்திகள் எங்களுக்கு முதன்மையாகப் பட்டன. ஒன்று, உரிமம் ஆளைப் பின்தொடர்கிறது. புது வீடா, ஐம்பது ஆண்டுப் பழைய வீடா, விற்பவர் பெருநிறுவனமா, விதவைத் தாயா என்று அது பார்ப்பதில்லை. பிறருக்காக, கூலி பெற்று, வீட்டை விற்றோ வாங்கியோ கொடுப்பவர் எவரும் உரிமம் உடையவராக இருக்க வேண்டும். நம் சட்டம் திட்டத்தைப் பின்தொடர்கிறது. திட்டம் முடிந்த இடத்தில் சட்டமும் நின்றுவிடுகிறது. இரண்டாவது, எங்கள் மூத்தவரின் கேள்விக்கு அங்கே எழுத்தில் விடை உண்டு. ஒரே தரகு நிலையம் இருபுறத்துக்கும் இடைநிற்க வேண்டுமானால் இருவரிடமும் எழுத்துமூலம் இசைவு பெறவேண்டும். இடைநிற்கிறவர் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்பதும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. உரிமம் பெற்றவரால் ஏமாற்றப்பட்டு, தீர்ப்புப் பெற்றும் பணம் தேறாதவர்களுக்குக் கொடுப்பதற்கென்று உரிமம் பெற்றோர் கட்டும் பணத்தில் ஒரு நிதியும் அம்மாநிலத்தில் இருக்கிறது. எங்கள் உதவியாளருக்கு அங்கே கேட்பதற்கு ஓர் அலுவலகம் இருந்திருக்கும்.

இது ஒரே நாளில் வந்ததன்று. தரகருக்கு மாநில உரிமம் என்னும் எண்ணத்தைக் கலிஃபோர்னியா 1917-இல் சட்டமாக்கியது. அது செல்லாதென்று தீர்ப்பு வர, 1919-இல் திருத்தி மீண்டும் இயற்றியது. மதிப்பீட்டாளருக்கு உரிமம் வர மேலும் எழுபது ஆண்டு ஆயிற்று. 1980-களில் அந்நாட்டின் சேமிப்பு-கடன் நிறுவனங்கள் கூட்டங்கூட்டமாக வீழ்ந்தன. ஊதிப் பெருக்கிய மதிப்பீடுகளை நம்பிக் கொடுத்த கடன்கள் அந்த வீழ்ச்சிக்கு ஒரு காரணம். 1989-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம், அரசுக் கண்காணிப்புக்கு உட்பட்ட கடன்களுக்கு மாநில உரிமமோ சான்றோ பெற்ற மதிப்பீட்டாளர்தான் மதிப்பிட வேண்டும் என்று விதித்தது.

ஆயினும் 2008-ஆம் ஆண்டின் சரிவை அந்த உரிமத்தால் தடுக்க இயலவில்லை. உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரைக் கடன் கொடுப்பவர்கள் நெருக்கினர். வேண்டிய தொகையை எழுதாதவருக்கு அடுத்த வேலை வரவில்லை. அதன் பின்னரே 2010-ஆம் ஆண்டின் சட்டம் மதிப்பீட்டாளரை வற்புறுத்துவதையே குற்றமாக்கியது. உரிமம் முதற்படி, உரிமம் பெற்றவருக்கு விளைவில் பங்கில்லாமற் செய்வது இரண்டாம் படி என்பதை அவர்கள் பெரும் விலை கொடுத்துக் கற்றார்கள்.

தமிழ் படித்தவர்களுக்கு இப்பாடம் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நாங்கள் ஓரிடத்தில் நிற்போம். கோவலன் சிலம்பை விற்க மதுரைக் கடைத்தெருவில் நடக்கிறான். எதிரே நூறு கொல்லர் பின்தொடரப் பொற்கொல்லன் வருகிறான். அவன் கோலத்தைக் கண்டு, பாண்டியன் பெயரால் சிறப்புப் பெற்றவன் இவன் என்று கோவலன் கொள்கிறான். அரசியின் காலுக்குத் தகுந்த சிலம்பு ஒன்றை விலைமதிக்க உன்னால் ஆகுமா என்று கேட்கிறான். இன்றைய சொல்லில் சொன்னால், அரசின் உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் மதிப்பறிக்கை கேட்கிறான்.

கோவலன் கேட்டதில் தவறில்லை. அயலூரில், முகமறியாத தெருவில், அரசன் தந்த சிறப்பைத் தவிர அவன் வேறு எதை நம்புவான்? அரசியின் சிலம்பைத் திருடியவனே அந்தக் கொல்லன் என்பதுதான் அவனுக்குத் தெரியாதது. மதிப்பிட வேண்டிய பொருளில் மதிப்பிடுகிறவனுக்குச் சொந்த நலன் இருந்தது. அரசனும் இரண்டாம் கருத்துக் கேட்கவில்லை. சிலம்புக்குள் இருப்பது மாணிக்கமா முத்தா என்ற சோதனை ஓர் உயிர் போனபின்பே நடந்தது. நம் இலக்கியத்தின் மிகப் பெரிய துயரம் ஒரு கெட்ட மதிப்பீட்டில் தொடங்குகிறது என்று சொன்னால் மாணவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு பேசாமல் இருப்பார்கள்.

இந்த நோக்கில் நம் நாட்டு மதிப்பீட்டாளர் விதிகள் தரகர் விதிகளைவிட முன்னே சென்றிருக்கின்றன. 1957-ஆம் ஆண்டின் செல்வ வரிச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்களுக்குக் கட்டண உச்சவரம்பு, மதிப்பிட்ட தொகையில் இத்தனை பங்கு என்றே வகுக்கப்பட்டிருந்தது. மதிப்பு உயர்ந்தால் கட்டணமும் உயரலாம். அந்த வரி 2015-இல் நீக்கப்பட்டது. கம்பெனிகள் சட்டத்தின் 247-ஆம் பிரிவை ஒட்டி 2017-இல் வந்த விதிகள் வேறு மாதிரியானவை. நிலம்-கட்டடப் பிரிவில் பதிவு பெற உரிய கல்வியும் பணிப் பட்டறிவும் வேண்டும். 50 மணி நேரப் பயிற்சியும், நொடிப்பு-திவால் வாரியம் நடத்தும் தேர்வும் உண்டு. அவ்விதிகளின் ஒழுக்க நெறி, வாடிக்கையாளரின் வசதிக்கேற்ற மதிப்பீடு தரலாகாது என்கிறது. காரியம் முடிந்தால் இவ்வளவு என்று கூலி பேசலாகாது என்றும் சொல்கிறது. எங்கள் பொற்கொல்லன் பாடத்துக்கு இதைவிடச் சுருக்கமான உரை இல்லை.

தரகருக்கு இந்த விதியை அப்படியே பொருத்த முடியாது. காரியம் முடிந்தால்தான் அவருக்குக் கூலி. அதுவே அவர் தொழிலின் இயல்பு. விலை உயர்ந்தால் அவர் பங்கும் உயரும். விளைவில் பங்குடையவர் என்பதை மறைக்காமல் எழுதிவைப்பதே அவரிடம் நாம் கேட்கத்தக்கது. யாருக்காக நிற்கிறார், யாரிடம் எவ்வளவு வாங்குகிறார், பொருளைப் பற்றி அவருக்குத் தெரிந்த குறை என்ன என்ற மூன்றும் ஒரு பக்கத் தாளில் அடங்கும். அண்ணாச்சி அந்தத் தாளில்லாமலே பொதுச்சுவரைச் சொன்னார். சொல்லாத ஒருவரைச் சொல்ல வைப்பதற்குத்தான் தாள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றை நாங்கள் அறிவோம். அவற்றுள் சில எங்களுடைய ஐயங்களும் ஆகும். உரிமம் என்று வந்தால் இன்னொரு சன்னல், இன்னொரு கையூட்டு; தேர்வு என்று வந்தால் ஆங்கிலம்; கட்டணம் என்று வந்தால் நாற்பது பக்க நோட்டுக்காரர் வெளியே, குளிர்பதன அலுவலகம் வைத்தவர் உள்ளே. தொழிலில் ஏற்கெனவே இருப்பவர்கள் புதியவர்களைத் தடுக்க எழுப்பும் மதிலாக உரிமம் மாறிவிடக்கூடும் என்பதும் வெறும் அச்சமன்று. மகாராட்டிரத்தில் 2023-இல் தரகர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயமாக்கப்பட்டன. அதுவும் ரெரா சட்டத்துக்கு உட்பட்ட தரகர்களுக்கே. பழைய வீட்டை விற்றுக்கொடுப்பவர் அங்கும் அதற்கு வெளியேதான் நிற்கிறார்.

ஆகவே நாங்கள் கேட்பது பட்டமன்று. பெயர், முகவரி, புகைப்படம் கொண்ட ஒரு பதிவு. வட்டாட்சியர் அலுவலகத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ, தமிழில், சிறு கட்டணத்தில் செய்யக்கூடியது. அந்தப் பதிவெண்ணைக் கிரயப் பத்திரத்தில் எழுதவேண்டும் என்ற ஒரு விதி. பத்திரத்தை எழுதியவர் பெயரும் உரிம எண்ணும் இன்றும் பத்திரத்தின் அடியில் இருக்கின்றன. விற்பனையை முடித்து வைத்தவர் பெயர் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. நூறு ஆண்டு கழித்து அந்த ஆவணத்தைப் படிப்பவர், விற்றவரும் வாங்கியவரும் எவருடைய துணையுமின்றித் தாமே சந்தித்துக்கொண்டார்கள் என்றே எண்ணுவார். புகார் வந்தால் விசாரிக்க ஓர் அலுவலர். குற்றம் உறுதியானால் பதிவு நீக்கம். நீக்கப்பட்டவர் பெயர் யாவரும் காணும் பட்டியலில். இவ்வளவுக்குப் பெருஞ்செலவு ஆகாது. பத்திர எழுத்தருக்குச் செய்யத் தெரிந்த அரசுக்குத் தரகருக்குச் செய்வது புது வித்தையும் அன்று.

தெருக்கள் முன்போல் இல்லை. பாளையங்கோட்டையின் விளிம்பில் நேற்று வரை வயலாக இருந்த இடத்தில் இன்று கல் நட்டிருக்கிறார்கள். வாங்குபவர் தூத்துக்குடியிலிருந்து வருகிறார். விற்பவர் துபாயில் இருக்கிறார். தரகர் எங்கிருந்து வருகிறார் என்பது அவருடைய வண்டியின் பதிவெண்ணுக்கு மட்டுமே தெரியும். அங்கே டீக்கடை இன்னும் வரவில்லை. டீ மறுக்கும் தெருவும் இல்லை. பிழைத்தால் இழப்பதற்கு எதுவுமில்லாத ஒருவர் கையில், வாழ்நாளெல்லாம் சேர்த்த பணத்தை வைத்துத்தான் மக்கள் அங்கே நிலம் வாங்குகிறார்கள். அந்தக் காலியிடத்தில் தெருவுக்குப் பதிலாக எவரேனும் நின்றாக வேண்டும். வழிகாட்டி மதிப்பை ஓர் ஆணையில் இறக்கவும் ஏற்றவும் வல்ல அரசு, தன் பங்கான தீர்வையையும் கட்டணத்தையும் ஒவ்வொரு பத்திரத்திலும் தவறாமல் பெற்றுக்கொள்கிற அரசு, அங்கே நிற்பதற்கு முழுக் கடமைப்பட்டது.